குடியை எதிர்த்து நடந்த குமரி அனந்தன்: எல்லைக் கிராமத்திலிருந்து ஒரு பார்வை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று ஊர்கள் வரிசையாக வரும். பாறசாலையைத் தாண்டினால் இஞ்சிவிளை. அதற்கடுத்த களியக்காவிளை தமிழ்நாடு. புதிதாக வருகிறவருக்குப் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுவதைக் கொண்டுதான் மாநிலம் மாறியது தெரியும். மற்றபடி இரு புறமும் ஒரே செம்மண். ஒரே மரச்சீனி, வாழை, ரப்பர், தென்னை, பனை. பேச்சும் தமிழ் கலந்த மலையாளம் அல்லது மலையாளம் கலந்த தமிழ். இங்கே பெண் எடுத்தவர்கள் அங்கே பெண் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கோடு மிகவும் அழுத்தமானது. பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கும் கள், கேரளப் பக்கத்தில் உரிமம் பெற்ற கடையில் விற்கும் பண்டம். அதை இறக்குகிறவருக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் நல நிதிகூட உண்டு. நடந்து போகும் தூரத்தில் உள்ள தமிழ்நாட்டுப் பக்கத்தில் அதே கள் 1987 முதல் தடை செய்யப்பட்ட பொருள், இறக்குகிறவர் குற்றவாளி. ஒரே குடும்பத்தில் அண்ணன் தொழிலாளியாகவும் தம்பி குற்றவாளியாகவும் இருக்கக்கூடிய இடம் இது.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், மதுவிலக்கு பற்றி யார் பேசினாலும் என் மனம் இந்த எல்லைக்கோட்டுக்குத்தான் போகும். 2025 ஏப்ரல் 9-ஆம் நாள் குமரி அனந்தன் அவர்கள் மறைந்த செய்தியைப் படித்தபோதும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் மதுவிலக்குக் கேட்டு நடந்த ஓர் அரசியல்வாதி, அது வராமலேயே போய்ச் சேர்ந்தார். அந்த நடை வீணா? நம் சங்கத்து இளைய தலைமுறைக்கு அவர் பெயரே தெரியாமல் இருக்கலாம். ஆகவே அவர் கதையையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

அருவிப்புறத்தில் தொடங்கியது

நெய்யாற்றின்கரைக்கு அருகில் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் என்ற இடம் உள்ளது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு அங்கே சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் நுழையவே அனுமதிக்கப்படாத சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர் கோயிலையே நிறுவியது அன்றைய திருவிதாங்கூரில் பெரும் புரட்சி. தமிழ் கற்றவர், தமிழிலும் பாடியவர், குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் தவமிருந்தவர் என்ற வகையில் அவர் நமக்கும் உரியவர்.

அந்தக் குருதான் தம் பிறந்தநாள் செய்தியாக, மது நஞ்சு என்றும், அதைக் காய்ச்சவோ கொடுக்கவோ குடிக்கவோ கூடாது என்றும் அறிவித்தார். இதன் கனம் புரிய வேண்டுமானால் அவர் யாரிடம் சொன்னார் என்று பார்க்க வேண்டும். கள் இறக்குவதே பலருக்கும் பரம்பரைத் தொழிலாக இருந்த ஈழவ சமுதாயத்திடம் சொன்னார். அந்தத் தொழிலில் பசியாறிய ஏழைகளும், அந்த வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர்களும் அவர் எதிரிலேயே இருந்தார்கள். குடிக்கிறவனைக் கண்டிப்பது எளிது. தன் சொந்த மக்களின் பிழைப்பையே விடச் சொல்வது எளிதல்ல.

குருவின் சொல்லை அரசியலாக்கியவர் டி.கே. மாதவன் (1885-1930). 'தேசாபிமானி' இதழை நடத்தியவர். திருவிதாங்கூரின் ஸ்ரீ மூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்தவர். 1921 செப்டம்பரில் திருநெல்வேலிக்கு வந்து காந்தியடிகளைச் சந்தித்துப் பேசினார். 1924-இல் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியபோது முன்னணியில் நின்று சிறை சென்றார். வைக்கத்துத் தலைவர் என்றே வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஊர் ஊராகப் போய்க் கள்ளுக்கடைக்கு எதிராக மக்களைத் திரட்டியதும் அவர் வாழ்க்கைப் பணியின் பெரும் பகுதி. தெருவில் நடக்கும் உரிமையும் குடியிலிருந்து விடுதலையும் அவருக்கு இரண்டு போராட்டங்கள் அல்ல. தன்மானம் இல்லாதவனுக்குத் தெரு திறந்தும் பயனில்லை என்பதே அவர் கட்சி.

வைக்கத்துக்கு ஈரோட்டிலிருந்து வந்து சிறை சென்ற பெரியாரும், கள்ளுக்கடை மறியல் காலத்தில் தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர்தான். அந்த 1924 நவம்பரில் வைக்கம் போராட்டத்துக்கு ஆதரவாக டாக்டர் எம்.ஈ. நாயுடு தலைமையில் நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு பாதயாத்திரை திருவனந்தபுரத்துக்குச் சென்றது. எங்கள் பகுதிக்குக் கொள்கைக்காக நடக்கிறவர்கள் புதியவர்கள் அல்லர்.

அகஸ்தீஸ்வரத்துப் பிள்ளை

குமரி அனந்தன் 1933 மார்ச் 19-ஆம் நாள் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தார். அப்போது அகஸ்தீஸ்வரமும் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். நடுவில் கோடு இல்லை. அவருடைய 21-ஆம் வயதில், 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழகத்துடன் இணையக் கோரிய போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன. மார்ஷல் நேசமணியின் இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரை வரவில்லை. பாறசாலை கேரளத்தின் கடைசி ஊரானது.

அன்றைய சென்னை மாநிலம் முழு மதுவிலக்கு மாநிலம். ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பின்னாளில் மதுவிலக்கு போய்விட்டது. அதற்கு மாற்றாக வந்த விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. ஆக, அரசாங்கத்துக்கு இரண்டு வருமானமும் கிடைத்தது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் படித்து, 'இலக்கியச் செல்வர்' என்று பெயரெடுத்த குமரி அனந்தன் மேடைப் பேச்சின் வழியாகக் காமராசரின் காங்கிரசில் வளர்ந்தார். 1977-இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். அங்கே தமிழில் கேள்வி கேட்கும் உரிமைக்காகப் போராடிப் பெற்றார். இதைத்தான் பலரும் அவருடைய பெரிய சாதனையாகச் சொல்வார்கள். பிறகு காந்தி காமராஜ் தேசிய காங்கிரஸ் என்ற கட்சியைத் தொடங்கினார். மீண்டும் தாய்க்கட்சிக்கே திரும்பினார். சட்டமன்றத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழ்நாடு காங்கிரசின் தலைவராகவும் இருந்தார்.

பதவிகளின் பட்டியல் இவ்வளவுதான். அமைச்சராக அவர் இருந்ததில்லை. மதுவிலக்கு ஆணையில் கையெழுத்திடும் நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்காரவில்லை. அவர் கையில் இருந்தவை இரண்டு: நாக்கும் காலும். நாக்கால் தமிழ் பேசினார். காலால் மதுவிலக்குக் கேட்டார். காந்தி பேரவையை அமைத்து, ஊர் ஊராக நடைப்பயணம் போனார். எண்பதைக் கடந்த வயதிலும் மதுவிலக்குக் கோரி நடந்தார். தமிழ்நாடு அரசு 2024-இல் அவருக்குத் 'தகைசால் தமிழர்' விருது அளித்துப் பெருமை செய்தது. விருது கொடுத்த அரசின் கடைகளில் அன்றும் மது விற்பனை நடந்துகொண்டுதான் இருந்தது. இதை எந்த ஒரு கட்சியையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. 1971-க்குப் பின் தமிழகத்தை ஆண்ட இரு கட்சிகளும் கடையைத் திறந்ததும் உண்டு, மூடியதும் உண்டு.

எல்லைக்கோடும் கடைக்கதவும்

அந்தத் திறப்பையும் மூடலையும் எல்லைக் கிராமத்திலிருந்து பார்த்தால்தான் முழுக் கதையும் தெரியும்.

1956-க்குப் பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் முழு மதுவிலக்கு. கேரளம் 1967-இல் மதுவிலக்கைக் கைவிட்டது. அப்போது எல்லைக்கு அப்பால் தடை, இப்பால் கடை. 1971-இல் தமிழ்நாடும் கடையைத் திறந்தது. அன்று 92 வயதிலிருந்த ராஜாஜி, திறக்க வேண்டாம் என்று முதல்வர் கருணாநிதியை நேரில் சென்று கேட்டுக்கொண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. மூன்றே ஆண்டுகளில், 1974-இல், அதே கருணாநிதி ஆட்சியில் மீண்டும் மதுவிலக்கு வந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987-இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 1990-இல் மலிவு விலை மது வந்தது. 1991-இல் ஜெயலலிதா ஆட்சியில் போனது. 2003-இல் சில்லறை விற்பனையையே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது.

கேரளத்தில் 1996 ஏப்ரல் 1-ஆம் நாள் ஏ.கே. அந்தோணி ஆட்சி சாராயத்தைத் தடை செய்தது. 2014-இல் உம்மன் சாண்டி ஆட்சி, ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் தவிர மற்ற மதுக்கூடங்களை மூடியது. 2017-இல் அடுத்து வந்த ஆட்சி அந்தக் கொள்கையை மாற்றியது. அதே 2017 ஏப்ரலில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. சிறு ஊர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. பல இடங்களில் கடைகள் சாலையை விட்டு ஊருக்குள் நகர்ந்தன. அங்கெல்லாம் பெண்கள் திரண்டு மறித்தார்கள்.

இப்படி ஒருபுறம் கதவு மூடும்போதெல்லாம் மறுபுறம் ஏதோ ஒன்று திறந்தே இருந்தது. என் அத்தையைக் களியக்காவிளைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா பனையேறி. தமிழ்நாட்டில் முழு மதுவிலக்கு இருந்த 1970-களின் பிற்பகுதியில், அவர் சாயங்காலம் அரிவாள்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லை தாண்டி எங்கள் பக்கம் வருவார். வரும்போது மைத்துனர் வீட்டுக்கு வருவதாகப் பேர். திரும்பும்போது அவரைத் தாங்கிப் பிடிக்க யாராவது ஒருவர் கூடப் போக வேண்டியிருக்கும். பல நாள் அந்த ஒருவன் நான்தான்.

அத்தை ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "மக்களே, இங்க பூட்டினா அங்க தொறந்திருக்கு. அங்க பூட்டினா இங்க தொறப்பாவ. கடையத்தான் பூட்டுகாவ, அவரு காலப் பூட்ட முடியுமா?"

மதுவிலக்கு பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான்

இது நம் ஊரின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் நீல் டவ் (1804-1897) என்று ஓர் அரசியல்வாதி இருந்தார். மெயின் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரின் மேயர். 1851-இல் அந்நாட்டின் முதல் மாநில அளவிலான கடும் மதுவிலக்குச் சட்டத்துக்குக் காரணமானவர். 'மெயின் சட்டம்' என்றே அதற்குப் பெயர்; வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. 1855-இல் நகராட்சிக் கட்டடத்தில் மது இருப்பு வைத்திருக்கிறார் என்று அவர் மீதே குற்றச்சாட்டு எழுந்து கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. 1880-இல் மதுவிலக்குக் கட்சியின் சார்பில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். நாடு முழுவதிலும் கிடைத்தவை சுமார் 10,000 வாக்குகள்.

அவர் இறந்து 22 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1920-இல், அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது கனடாவின் வின்ட்சர் நகருக்கும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கும் இடையே ஓடும் ஆறு, கள்ளக்கடத்தலின் ராஜபாட்டையானது. படகில் வந்தது, குளிர்காலத்தில் உறைந்த பனிமீது வண்டியில் வந்தது. டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கும் நம் அன்பர்கள் அந்த ஆற்றைப் பார்க்கும்போது களியக்காவிளையை நினைத்துக்கொள்ளலாம். 1933 டிசம்பர் 5-ஆம் நாள் அந்த மதுவிலக்கு நீக்கப்பட்டது. குமரி அனந்தன் பிறந்ததும் அதே 1933-தான்.

எல்லையின் ஒருபுறம் மட்டும் போடும் சட்டம் மறுபுறம் ஒழுகும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு, "ஆகவே சட்டமே வேண்டாம்" என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். 1996-இல் சாராயத்தைத் தடை செய்த அந்தோணி, அடுத்து வந்த தேர்தலில் ஆட்சியை இழந்தார். ஆனால் அவருக்குப் பின் வந்த எந்த ஆட்சியும், எதிர்க்கட்சி ஆட்சி உட்பட, சாராயக்கடையை மீண்டும் திறக்கத் துணியவில்லை. கூலிப்பணம் வீடு வந்து சேரும் முன்பே வழியில் நின்று வாங்கிக்கொண்ட கடை அது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1982 ஓணத்தின்போது வைப்பீன் தீவில் விஷச்சாராயம் குடித்து 70-க்கும் மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறக்கவும் இல்லை. தடைக்குப் பிறகும் 2000-இல் கல்லுவாதுக்கலில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சியில் அரசுக் கடை இருந்தும் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கடையைத் திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பதும் முழு உண்மையல்ல. மூடினால் குடி ஒழியும் என்பதும் முழு உண்மையல்ல.

சுண்ணாம்பு தடவிய கலயம்

அப்படியானால் எதுதான் உண்மை? இதற்குப் பனைமரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

பனம்பாளையைச் சீவினால் இனிப்பான சாறு வடிகிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைச் சில மணி நேரத்திலேயே புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்களின் வேலை தடைபடும். சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். எங்கள் பக்கத்தில் அதை அக்கானி என்போம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே உழைப்பு. குழந்தைக்குக் கொடுக்கும் பானமா, குடும்பத்தைக் கெடுக்கும் பானமா என்று முடிவு செய்வது ஒரு விரல் சுண்ணாம்பு.

எளிதாகத் தோன்றும். ஆனால் அந்தச் சுண்ணாம்புக்குப் பின்னால் இருக்கும் கூலிக்கணக்கைப் பாருங்கள். கள்ளானால் இறக்கியவுடன் காசு. அக்கானியானால் அன்றே காய்ச்சியாக வேண்டும். விறகு வேண்டும், பெரிய பானை வேண்டும், மணிக்கணக்காக அடுப்பின் முன் நின்று கிண்ட ஒரு பெண் வேண்டும். கருப்பட்டியாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி சொன்னதே விலை. கணவன் கள் இறக்கினால் மனைவிக்கு அடுப்பு வேலை இல்லை, ஆனால் நிம்மதியும் இல்லை. அக்கானி இறக்கினால் நிம்மதி உண்டு, ஆனால் புகையில் கண் போகும். மதுவிலக்கின் சுமையில் பாதியைத் தூக்கியவர்கள் மேடையில் பேசாத இந்தப் பெண்கள்.

நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை எல்லாம் லண்டன் மிஷனின் மையங்களாக இருந்த 19-ஆம் நூற்றாண்டிலும் இதே சிக்கல் இருந்தது. பாதிரிமார் கள்ளை விடச் சொன்னார்கள். பனையேறியின் வயிறு பதில் கேட்டது. காந்தியடிகள் 1941-இல் எழுதிய நிர்மாணத் திட்டத்தில் மதுவிலக்கும் ஓர் அம்சம், கிராமக் கைத்தொழிலும் ஓர் அம்சம். இரண்டும் ஒரே திட்டத்துக்குள் இருப்பது தற்செயல் அல்ல. அந்த நிர்மாணப் பணியைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர் எங்கள் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன் (1904-1995). மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவரே.

குமரி அனந்தனின் அரசியல் வாழ்வில் நான் பெரிதாக மதிப்பது இந்த இடத்தைத்தான். கடையை மூடு என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. பனைத் தொழிலாளர் நல வாரியத்தின் தலைவராக இருந்து, பனையேறிகளின் பிழைப்பைப் பற்றியும், பதநீர், கருப்பட்டி போன்ற பனைப்பொருள்களைப் பற்றியும் ஓயாமல் பேசினார். பனங்காட்டு மண்ணில் பிறந்தவருக்கு, கள்ளை எதிர்க்கிறவன் கருப்பட்டிக்கு விலை கிடைக்கவும் வழி சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது. சட்டம் ஒரு கால். பிழைப்பு மறு கால். ஒற்றைக் காலில் நொண்டிய மதுவிலக்குகள்தான் விழுந்தன.

ஓர் உயிர்

2015 ஜூலை 31-ஆம் நாள், மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் அங்கேயே உயிரிழந்தார். சேலம் மாவட்டத்துக்காரர். 2013-இல் சென்னையில் ஒரு மாதத்துக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தவர். ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கைத் தொடங்கிய மாவட்டத்திலிருந்து புறப்பட்டு வந்து, எங்கள் எல்லைக்கு அருகில் வந்து முடிந்தது அந்த வாழ்க்கை. மறு ஆண்டு தேர்தலில் மதுவிலக்கைப் பற்றிப் பேசாத கட்சி இல்லை. தேர்தலுக்குப் பின் 2016-இல் 500 கடைகளும், 2017-இல் இன்னும் 500 கடைகளும் மூடப்பட்டன. மொத்தக் கடைகளில் அது ஒரு பகுதிதான். ஆனாலும் அந்த அளவுக்காவது கதவுகள் மூடியதற்குப் பின்னால் நடந்தவர்களும், பட்டினி கிடந்தவர்களும், மறியல் செய்த பெண்களும் இருக்கிறார்கள்.

அரசு ஏன் முழுதாக மூடுவதில்லை என்பதற்கு விடை, முன்னே நினைவில் வைக்கச் சொன்ன கணக்கில் இருக்கிறது. கடைக்காரன் வேறு, காவல்காரன் வேறு என்று இருந்தவரை மூடச் சொல்ல முடிந்தது. இருவரும் ஒருவரே ஆகிவிட்டபின் யாரிடம் போய்ச் சொல்வது? அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிச் செல்ல அரசு முயல வேண்டும் என்கிறது. வரவு செலவுத் திட்டமோ வேறு திசையில் இழுக்கிறது.

நாம் செய்யக்கூடியது

இதையெல்லாம் அயல்மண்ணில் இருக்கும் நாம் ஏன் பேச வேண்டும் என்று அன்பர் ஒருவர் கேட்கலாம். காரணம் உண்டு. நாம் அனுப்பும் பணத்தின் ஒரு பகுதி ஊரில் எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறோம். இங்கேயும், வேலைக் களைப்பும் தனிமையும் சேர்ந்து, வார இறுதிப் பழக்கம் அன்றாடப் பழக்கமான வீடுகள் நம் நடுவில் இல்லாமல் இல்லை. அதைப் பற்றி வெளியில் பேசாமல் இருப்பதையே மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நாம் நம் விழா மேடையில் ஒரு கால்மணி நேரமாவது ஒதுக்கலாம்.

முதலாவதாக, குடிநோயை நோயாகப் பார்ப்போம். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "மனசு வைத்தால் நிறுத்தலாம்" என்று வீட்டில் பூட்டி வைப்பது சரியல்ல. மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். கேரள அரசு 2016-இல் தொடங்கிய 'விமுக்தி' திட்டத்தின்படி மாவட்டந்தோறும் மீட்பு மையங்கள் அமைக்கப்பட்டன. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான மையம் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையிலேயே தொடங்கப்பட்டது. ஊரில் உள்ள உறவினர் குடும்பத்துக்கு, பணத்தோடு சேர்த்து இந்தத் தகவலையும் அனுப்பலாம். நாம் இருக்கும் நாடுகளிலும் இத்தகைய மருத்துவ உதவி உண்டு. தேடிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவதாக, சங்கத்தின் குடும்ப விழாக்களில் மது வேண்டாம் என்று வெளிப்படையாகவே முடிவு செய்வோம். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் இல்லாமல் இருந்தால் போதும் என்பது போதாது. வண்டி நிறுத்துமிடத்தில் நடப்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மூன்றாவதாக, ஊரிலிருந்து யார் வந்தாலும் கருப்பட்டி கொண்டுவரச் சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம். நியாயமான விலை கொடுத்து வாங்கும் ஒவ்வொரு கருப்பட்டியும், ஒரு பனையேறி கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதற்கான காரணம். அடுப்பின் முன் நிற்கும் பெண்ணுக்கு அதுதான் கூலி.

நீல் டவ் தம் வாழ்நாளில் நாடு தழுவிய மதுவிலக்கைக் காணவில்லை. வந்தபின் அது நிலைக்கவும் இல்லை. டி.கே. மாதவன் 45 வயது நிரம்பும் முன்பே போய்விட்டார். குமரி அனந்தன் 90-ஐக் கடந்தும் காணாமலே போனார். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் மூவர் கணக்கிலும் மிச்சம் அதிகமில்லை. ஆனால் குடி என்பது ஏழையின் விதி, அதில் பேச ஒன்றுமில்லை என்று ஊர் நினைத்திருந்த காலத்தில், இல்லை, பேச உண்டு என்று சொன்னவர்கள் இவர்கள். என் அத்தையைப் போன்ற பெண்கள் பின்னாளில் கடை வாசலில் போய் நின்று மறிக்க முடிந்ததற்கு, அவர்களுக்கு முன்னால் யாரோ சிலர் அந்தச் சாலையில் நடந்திருந்ததும் ஒரு காரணம்.

மாமா 60 வயதைக் காணவில்லை. அவர் ஏறிய பனைகளில் சில இன்னும் நிற்கின்றன. ஏறத்தான் ஆளில்லை.